ஒரே ஊசி போதுமா? பாதியில் நின்றுபோன ஓர் ஆய்வு சொன்ன பதில்

2009 செப்டம்பரில் இந்தியாவில், கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஹெச்.பி.வி. தடுப்பூசி பற்றிய ஓர் ஆய்வு தொடங்கியது. 10 முதல் 18 வயது வரையுள்ள, திருமணமாகாத 20,000 பெண்களைச் சேர்ப்பது திட்டம். ஏழே மாதத்தில், 2010 ஏப்ரலில், அரசு உத்தரவு வந்து ஊசி போடுவது நின்றது. அதற்குள் 17,729 பேர் ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் 4,950 பேருக்கு முதல் ஊசி மட்டும்தான் போட்டிருந்தது. அடுத்த ஊசிக்கான நாள் வந்தது, போனது. ஊசி வரவில்லை.

ஆய்வு நடத்துகிறவர்கள் கண்ணுக்கு இது பெரும் சேதாரம். இத்தனை பேரைச் சேர்த்து, பெற்றோரிடம் பேசி, சம்மதம் வாங்கி, கடைசியில் திட்டமிட்ட கேள்விக்கு விடை காண முடியாத நிலை. ஆனால் 12 ஆண்டுகள் கழித்து, ஹெச்.பி.வி. தடுப்பூசியில் ஒரே டோஸ் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் நாடுகளுக்குச் சொன்னபோது, மேசையில் இருந்த முக்கியச் சான்றுகளில் ஒன்று இந்த 4,950 பேருடையது. இது எப்படி நடந்தது, இந்தச் சான்றை எவ்வளவு தூரம் நம்பலாம், எங்கே நம்பக் கூடாது என்பதைப் பார்ப்பதுதான் இந்த நிகழ்வு ஆய்வு.

மூன்று என்ற கணக்கு எங்கிருந்து வந்தது

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு ஏறக்குறைய எல்லா நேரமும் காரணம் ஹியூமன் பாப்பிலோமா வைரஸ், சுருக்கமாக ஹெச்.பி.வி. ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்ட் ட்சூர் ஹவுசன் இதைக் கண்டறிந்ததற்காக 2008-இல் நோபல் பரிசு பெற்றார். இந்த வைரஸில் இருநூறுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. 16, 18 ஆகிய இரண்டு வகைகள் மட்டுமே உலகளவில் சுமார் 70 சதவீதக் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணம். 2022-இல் உலகில் சுமார் 6,60,000 பெண்களுக்கு இந்த நோய் புதிதாக வந்தது. சுமார் 3,50,000 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் 94 சதவீதம் பேர் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் இருந்தவர்கள். இந்தக் கதை முழுக்க இந்த 94 பின்னால் நிற்கிறது, மறந்துவிட வேண்டாம்.

தடுப்பூசி 2006-இல் வந்தது, மூன்று டோஸாக. ஆறு மாத காலத்தில் மூன்று ஊசி. ஒன்று போதாது, இரண்டு போதாது என்று யாரும் சோதித்துப் பார்த்து மூன்றுக்கு வந்ததாக எண்ண வேண்டாம். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசிக்குப் பழகிய அட்டவணை கையில் இருந்தது. இதுவும் உயிருள்ள கிருமி இல்லாத, புரதத்தால் ஆன தடுப்பூசிதான். அதனால் அதே முறையில் போட்டார்கள், மிக நன்றாக வேலை செய்தது, உரிமம் கிடைத்தது. வெற்றிபெற்ற அட்டவணையில் ஓர் ஊசியைக் குறைத்துப் பார்க்க உற்பத்தியாளர் எவருக்கும் அவசரம் இருக்காது என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

ஆனால் பணக்கார நாடுகளுக்கு வெளியே மூன்று ஊசி என்பது மலை. குழந்தைகளுக்கான தடுப்பூசிக்குத் தாய்மார்கள் மருத்துவமனைக்கு வருவார்கள். பத்து, பன்னிரண்டு வயதுச் சிறுமியை அதேபோல ஆறு மாதத்தில் மூன்று முறை பிடித்து உட்கார வைக்கும் ஏற்பாடு பெரும்பாலான நாடுகளில் கிடையாது. பள்ளிக்கு வராத நாள், ஊர் மாறிய குடும்பம், தீர்ந்துபோன மருந்து என்று ஒவ்வொரு தவணையிலும் கொஞ்சம் பேர் உதிர்வார்கள்.

ஆகவே 2009 ஆய்வின் கேள்வி எளிமையானது: மூன்றுக்குப் பதில் இரண்டு போதுமா? பிரான்சின் லியோனில் உள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை ஒருங்கிணைத்தது; முன்னின்று நடத்தியவர் ரெங்கசாமி சங்கரநாராயணன்; கேட்ஸ் அறக்கட்டளை நிதி கொடுத்தது. திண்டுக்கல் மாவட்டத்து அம்பிளிக்கை, மகாராஷ்டிரத்தின் பார்ஷி, புனே, மும்பை, அகமதாபாத், ஹைதராபாத், டெல்லி, சிக்கிம், மிசோரம் என்று ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இடங்களில் மையங்கள் இருந்தன. சிறுமிகளைத் தனித்தனியாக அல்ல, 188 தொகுதிகளாகப் பிரித்துக் குலுக்கல் முறையில் ஒதுக்கினார்கள். ஒரு பாதிக்கு 1, 60, 180 ஆகிய நாள்களில் மூன்று ஊசி. மறு பாதிக்கு 1, 180 ஆகிய நாள்களில் இரண்டு ஊசி. இரண்டாவது குழுவின் அந்த நீண்ட இடைவெளியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கம்மம், வதோதரா

ஆய்வை நிறுத்தியது ஆய்வுக்குள் நடந்த எதுவும் அல்ல. அதே 2009-இல், ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் (இன்று அது தெலங்கானா) குஜராத்தின் வதோதராவிலும் பாத் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடனும் மாநில அரசுகளுடனும் சேர்ந்து, சுமார் 23,000 சிறுமிகளுக்கு இந்தத் தடுப்பூசியைப் போடும் செயல்விளக்கத் திட்டம் ஒன்றை நடத்தியது. அதில் சேர்ந்த ஏழு சிறுமிகள் இறந்தார்கள். பெண்கள் அமைப்புகளும் சுகாதாரச் செயல்பாட்டாளர்களும் கேள்வி எழுப்பினார்கள். ஏப்ரலில் அரசு எல்லாவற்றையும் நிறுத்தியது, வேறு திட்டம், வேறு கேள்வி, வேறு ஊர் என்ற வித்தியாசம் பார்க்காமல்.

விசாரணைக் குழு அந்த ஏழு மரணங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தது. நீரில் மூழ்கியது, பாம்புக்கடி, பூச்சிமருந்து, மலேரியா, காய்ச்சல். தடுப்பூசிக்கும் இவற்றுக்கும் தொடர்பிருக்க வாய்ப்பில்லை என்ற முடிவுக்கு வந்தது. இதை மட்டும் எடுத்துக்கொண்டு, ‘வீண் பீதியால் நல்ல அறிவியல் நின்றது’ என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை. ஏனென்றால் அதே விசாரணைகள் இன்னொன்றையும் சொல்லின. 2013 ஆகஸ்டில் வந்த நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கை, ஆந்திரத்தில் பார்த்த 9,543 ஒப்புதல் படிவங்களில் 2,763-இல் கையெழுத்துப் போட்டவர்கள் விடுதிக் காப்பாளர்கள் என்று பதிவு செய்தது. ஏறத்தாழ மூன்றில் ஒன்று. அந்த விடுதிகளில் இருந்த பலர் பழங்குடிச் சிறுமிகள். பெற்றோருக்குத் தெரியுமா என்று கேட்டால், பல படிவங்களில் அதற்குப் பதில் இல்லை.

ஊசியால் யாரும் சாகவில்லை என்பதும், அந்தச் சிறுமிகளிடம் முறையாக அனுமதி கேட்கவில்லை என்பதும் ஒரே நேரத்தில் உண்மை. ஒன்றை வைத்து மற்றொன்றை அடித்துவிட முடியாது. நடுவில் மாட்டிக்கொண்டது, இரண்டுக்கும் சம்பந்தமில்லாத 17,729 பேரின் ஆய்வு.

நாள்காட்டி போட்ட சீட்டு

இனி கொஞ்சம் நாள் கணக்குப் போட்டுப் பார்ப்போம், ஏனெனில் மொத்த விஷயமும் இங்கேதான் இருக்கிறது.

மூன்று ஊசிக் குழுவில் ஒரு சிறுமி 2009 செப்டம்பர் தொடக்கத்தில் சேர்ந்தாள் என்று வைத்துக்கொள்வோம். 60-ஆம் நாள் நவம்பரில், 180-ஆம் நாள் மார்ச் தொடக்கத்தில். உத்தரவு வருவதற்கு முன் மூன்றும் முடிந்துவிடும். அதே குழுவில் இன்னொருத்தி ஜனவரியில் சேர்கிறாள். 60-ஆம் நாள் மார்ச்சில் வரும், இரண்டாவது ஊசி போடுவார்கள். 180-ஆம் நாள் ஜூலையில்தான். அதற்குள் எல்லாம் நின்றுவிட்டது, அவளுக்கு இரண்டோடு சரி. இப்போது இரண்டு ஊசிக் குழுவில் அதே ஜனவரியில் சேர்ந்த மூன்றாமவளைப் பாருங்கள். அவளுடைய இரண்டாவது ஊசியே ஜூலையில்தான். அவளுக்கு ஒன்றோடு சரி.

இப்படித்தான் நான்கு கூட்டங்கள் உருவாயின. மூன்றும் போட்டவர்கள் 4,348 பேர். ஆறு மாத இடைவெளியில் இரண்டு போட்டவர்கள் 4,979 பேர். இரண்டு மாத இடைவெளியில் இரண்டோடு நின்றவர்கள் 3,452 பேர். ஒன்றோடு நின்றவர்கள் 4,950 பேர். கடைசி இரண்டு கூட்டங்களும் யாரும் திட்டமிடாதவை.

ஒரு சிறுமிக்கு ஒரே ஊசியோடு நின்றதற்குக் காரணம் என்ன? அவள் சேர்ந்த தேதி, அவளுடைய தொகுதிக்கு விழுந்த குலுக்கல், டெல்லியில் இருந்து வந்த உத்தரவு. அவள் பயந்துபோய் வராமல் இருந்துவிட்டாள் என்பதோ, குடும்பம் ஏழை என்பதோ, உடம்பு சரியில்லை என்பதோ காரணமில்லை. புள்ளியியல் தெரிந்தவர்களுக்கு இதன் மதிப்பு சட்டென்று புரியும். வழக்கமாக, பாதியில் நிறுத்தியவர்களையும் முழுதாகப் போட்டவர்களையும் ஒப்பிட்டால், நாம் உண்மையில் ஒப்பிடுவது இரண்டு விதமான மனிதர்களை. இங்கே நிறுத்தியது வெளியில் இருந்து வந்த கை.

பாதியில் நின்ற ஆய்வுகளை இழுத்து மூடிவிடுவதுதான் உலக வழக்கம். இந்தக் குழு அதைச் செய்யவில்லை. ஊசி நின்றாலும், சேர்ந்த பெண்களைத் தொடர்ந்து பார்ப்பது என்று முடிவெடுத்தது. இந்தக் கதையில் எனக்கு மிகப் பெரிய தருணமாகப் படுவது இந்த நிர்வாக முடிவுதான்.

கல்யாணம் வரை காத்திருப்பது

தொடர்ந்து பார்ப்பது என்றால் எப்படி? ஹெச்.பி.வி. பாலுறவால் பரவும் தொற்று. தடுப்பூசி வேலை செய்கிறதா என்று பார்க்கக் கருப்பைவாயில் இருந்து செல் மாதிரி எடுக்க வேண்டும். திருமணமாகாத பெண்களிடம் அதை எடுக்க முடியாது என்று ஆய்வுக் குழுவுக்கு முதலிலேயே தெரியும். ஆகவே விதி இப்படி எழுதப்பட்டது: பெண்ணுக்குத் திருமணமாகி 18 மாதம் கழித்து, அல்லது முதல் பிரசவம் முடிந்து 6 மாதம் கழித்து, எது முன்னால் வருகிறதோ அப்போது முதல் மாதிரி. அதன் பிறகு ஆண்டுக்கு ஒன்று, தொடர்ந்து நான்கு ஆண்டுகள்.

இதைக் காகிதத்தில் படிக்க ஒரு வரி. நடைமுறையில் யோசித்துப் பாருங்கள். பன்னிரண்டு வயதில் ஊசி போட்டுக்கொண்ட பெண்ணுக்கு எட்டு, பத்து ஆண்டு கழித்துக் கல்யாணம். அவள் வேறு ஊருக்குப் போயிருப்பாள், வீட்டில் புது மனிதர்கள், அவர்களுக்கு இந்த ஆய்வைப் பற்றி எதுவும் தெரியாது. அந்த வீட்டுக்கு ஒரு களப்பணியாளர் போய்ப் பரிசோதனைக்குக் கூப்பிட வேண்டும். ஆய்வறிக்கைகளில் ‘பின்தொடர்தல்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இத்தனையும் அடங்கிவிடுகிறது.

தேடியது நீடித்த தொற்றை. அதாவது குறைந்தது 10 மாத இடைவெளியில் எடுத்த இரண்டு மாதிரிகளிலும் அதே வகை வைரஸ் இருக்க வேண்டும். ஹெச்.பி.வி. பெரும்பாலானவர்களுக்கு வந்து, ஓரிரு ஆண்டில் தானே போய்விடும். போகாமல் தங்குவதுதான் ஆபத்து. புற்றுநோய் வர இருபது ஆண்டு ஆகலாம். அதுவரை காத்திருந்து எண்ண முடியாது என்பதால் நீடித்த தொற்றையே அளவுகோலாக எடுத்துக்கொண்டார்கள்.

முடிவை 2021-இல், பார்த்தா பாசு என்ற ஆய்வாளர் தலைமையிலான குழு ‘லான்செட் ஆன்காலஜி’ இதழில் வெளியிட்டது. பின்தொடர்ந்த காலத்தின் இடைநிலை 9 ஆண்டுகள். 16, 18 வகைகளின் நீடித்த தொற்றைத் தடுத்த திறன், மூன்று டோஸ் போட்டவர்களிடம் 93.3 சதவீதம். இரண்டு டோஸ், 93.1. ஒரே டோஸ், 95.4.

ஒரு டோஸ் மற்றவற்றைவிடச் சிறந்தது என்று இதைப் படிக்கக் கூடாது. ஒரு டோஸுக்கான நம்பக இடைவெளி, அதாவது உண்மையான எண் இருக்கக்கூடிய எல்லை, 85 முதல் 99.9 வரை விரிகிறது. மற்ற இரண்டும் இதைவிட அகலம். மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன. சொல்லக்கூடியது ஒன்றுதான்: வித்தியாசம் கண்ணில் படவில்லை.

இன்னொரு பலவீனத்தையும் சொல்லிவிட வேண்டும். ஊசியே போடாத பெண்களின் கூட்டம் ஆய்வின் தொடக்கத்தில் இல்லை. ஒப்பிடுவதற்காக அதே இடங்களில் இருந்து ஒத்த வயதுடைய, திருமணமான பெண்களைப் பிற்பாடுதான் சேர்த்தார்கள். ஊசி போட்டவர்களுக்குள் நடந்த ஒப்பீடு ஏறத்தாழக் குலுக்கல். போட்டவர்–போடாதவர் ஒப்பீடு அப்படி இல்லை. 95 என்ற எண்ணைவிட ‘ஒன்றும் மூன்றும் ஒன்றுபோல’ என்ற வாக்கியத்தை நான் அதிகம் நம்புவது இதனால்தான்.

இதற்கிடையில் ஒரு சின்ன முரண். ஆய்வு முதலில் கேட்ட ‘இரண்டா, மூன்றா’ என்ற கேள்விக்கு, இந்தியத் தரவு முழுதாகக் கனிவதற்கு முன்பே வேறு இடங்களில் இருந்து விடை வந்துவிட்டது. 2014-இல் 15 வயதுக்குட்பட்டவர்களுக்கு இரண்டு டோஸ் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இந்திய ஆய்வு, தான் கேட்காத கேள்விக்கு விடை சொல்லத்தான் மிஞ்சியது.

கோஸ்டா ரிகாவின் 196 பேர்

ஒரே டோஸ் என்ற எண்ணத்தை முதலில் கிளப்பியது இந்தியா அல்ல. கோஸ்டா ரிகாவின் குவானகாஸ்தே பகுதியில், அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்துடன் சேர்ந்து 2004-05-இல் 18 முதல் 25 வயது வரையுள்ள 7,466 பெண்களைச் சேர்த்து ஓர் ஆய்வு நடந்தது. எல்லாருக்கும் மூன்று டோஸ் என்பதுதான் திட்டம். ஆனால் சுமார் ஐந்தில் ஒருவருக்கு அது முடியவில்லை. இடையில் கர்ப்பமானவர்களுக்கு ஊசி நிறுத்தப்பட்டது, வேறு பரிசோதனைக்கு அனுப்பப்பட்டவர்களுக்கும் அப்படியே. ஹெச்.பி.வி. ஊசி ஒன்றோடு நின்றவர்கள் 196 பேர்.

ஏமி கிரைமர் என்ற ஆய்வாளர் இவர்களைத் தனியாக எடுத்துப் பார்த்து, 2011-இல் முடிவை வெளியிட்டார். நான்கு ஆண்டுக் கணக்கில் மூன்று டோஸின் திறன் 80.9 சதவீதம், இரண்டு டோஸ் 84.1, ஒரு டோஸ் 100. எண்ணிக்கை சிறியது, தற்செயலாகவும் இருக்கலாம் என்று பலர் ஒதுக்கினார்கள். அந்தச் சந்தேகம் நியாயமானது. குழு விடாமல் பின்தொடர்ந்தது. 11 ஆண்டு கழித்தும் ஒரே டோஸ் பெண்களிடம் திறன் 82.1 சதவீதமாக இருந்தது. அப்போது கணக்கில் இருந்தவர்கள் 112 பேர்.

இவர்கள் செய்த ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரே டோஸ் போட்டவர்கள் வைரஸை அதிகம் சந்திக்காத வாழ்க்கை வாழ்ந்திருந்தால் என்ன செய்வது? அதைச் சரிபார்க்க, இந்தத் தடுப்பூசி தடுக்காத ஹெச்.பி.வி. வகைகள் எவ்வளவு பேருக்கு வந்தன என்று எண்ணினார்கள். அந்தத் தொற்று எல்லாக் கூட்டத்திலும் ஒரே அளவில் இருந்தது. ஆக, எல்லாரும் ஒரே மழையில்தான் நின்றிருக்கிறார்கள். குடை இருந்த இடத்தில் மட்டும் நனையவில்லை.

அப்படியானால் நாடுகளின் பதிவேடுகள் ஏன் ஒரே டோஸுக்குப் பலன் குறைவு என்று காட்டின? ஆரம்ப ஆண்டுகளில் வளர்ந்த பெண்களுக்கும் மூன்று டோஸ் போட்டார்கள். ஒன்றோடு நிறுத்தியவர்கள் பெரும்பாலும் அந்த மூத்த பெண்கள். அவர்களில் பலருக்கு வைரஸ் ஏற்கெனவே வந்திருந்தது. இருக்கிற தொற்றை இந்தத் தடுப்பூசி விரட்டாது. ஊசியின் மேல் விழுந்த பழி வயதுடையது. 2024-இல் வந்த ஸ்காட்லாந்து ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. 12, 13 வயதில் ஊசி போட்டுக்கொண்டவர்களில் ஒருவருக்குக்கூடப் பரவும் நிலைக் கருப்பைவாய்ப் புற்றுநோய் பதிவாகவில்லை, எத்தனை டோஸ் போட்டிருந்தாலும். 14 முதல் 22 வயதுக்குள் போட்டவர்களிடம் மூன்று டோஸும் போட்ட பிறகுதான் குறிப்பிடத்தக்க குறைவு தெரிந்தது.

ஒன்றே ஏன் போதுகிறது

புரதத் தடுப்பூசி ஒரே டோஸில் பத்தாண்டு பாதுகாப்புத் தருவது வழக்கமில்லாத காரியம். சந்தேகம் கிளப்பியவர்கள் முதலில் கேட்டதும் இதைத்தான். விடை அந்த ஊசிக்குள் இருக்கும் துகளின் வடிவத்தில் இருக்கிறது.

1991-இல் ஆஸ்திரேலியாவில் ஜியன் சோவும் இயன் ஃபிரேசரும் இந்த வைரஸின் உறைப் புரதங்கள் தானாகவே கூடி ஒரு வெற்றுக் கூடு ஆவதைக் காட்டினார்கள். உள்ளே மரபுப் பொருள் எதுவும் இல்லை, தொற்ற முடியாது. வெளியில் இருந்து பார்த்தால் அசல் வைரஸேதான். எல்-1 என்ற உறைப் புரதங்கள் 360, ஐந்தைந்தாகச் சேர்ந்து 72 கொத்துகள், சீரான இடைவெளியில். நம் உடலில் கிருமிகளை எதிர்க்கும் பி செல்களின் மேற்பரப்பில் இருக்கும் ஏற்பிகள் இப்படி நெருக்கமாக, ஒழுங்காக அடுக்கிய ஒன்றைத் தொட்டால், ஒரே நேரத்தில் பல ஏற்பிகள் பற்றிக்கொள்கின்றன. பி செல்லுக்கு இது உரத்த எச்சரிக்கை, ஏனெனில் நம் உடலின் சொந்தப் புரதங்கள் அப்படி வரிசை கட்டி நிற்பதில்லை. விளைவு, எலும்பு மஜ்ஜையில் ஆண்டுக்கணக்கில் குடியிருந்து, கிருமியைப் பிடித்து முடக்கும் எதிர்ப்பான்களைச் சுரந்துகொண்டே இருக்கும் செல்கள் உருவாகின்றன. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஜான் ஷில்லரும் டக்ளஸ் லோவியும் பல காலமாக முன்வைத்துவரும் விளக்கம் இது.

எதிர்ப்பானின் அளவு ஒரே டோஸில் குறைவுதான், அதை யாரும் மறைக்கவில்லை. ஆனால் குறைந்த அளவில் நிலைத்து நிற்கிறது, சரிந்துகொண்டே போகவில்லை. கோஸ்டா ரிகாவில் நான்கு ஆண்டு கழித்து அளந்தபோது, 16-ஆம் வகைக்கு எதிரான அளவு இயற்கையாகத் தொற்று வந்தவர்களைப்போல 9 மடங்கும், 18-க்கு 5 மடங்கும் இருந்தது.

வைரஸின் போக்கும் நமக்குச் சாதகம். அது செல்லுக்குள் உடனே பாய்வதில்லை. மேல்தோலில் நுண்ணிய சிராய்ப்பு வேண்டும். அதன் வழியே அடிச்சவ்வில் ஒட்டி, வடிவம் மாறி, மணிக்கணக்கில் காத்திருந்து பிறகுதான் நுழைகிறது. அதே சிராய்ப்பு வழியாக இரத்தத்தில் உள்ள எதிர்ப்பான்களும் கசிந்து வந்துவிடுகின்றன. மெதுவாக வரும் திருடனுக்குப் பத்துக் காவலர் தேவையில்லை.

36, 1, 1

விளக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும், ஒரே டோஸுக்கென்றே குலுக்கல் போட்டு, ஊசி போடாத கூட்டத்தோடு ஒப்பிட்ட ஆய்வு ஒன்று வேண்டியிருந்தது. இந்தியாவும் கோஸ்டா ரிகாவும் தந்தது தற்செயலின் சான்று. சிக்கல் என்னவென்றால், பலன் தெரிந்த தடுப்பூசியை ஒரு கூட்டத்துக்கு மறுத்துவிட்டு அவர்களுக்குத் தொற்று வருகிறதா என்று பார்ப்பது தகுமா?

கென்யாவில் ருவான் பார்னபஸ் தலைமையில் நடந்த கென் ஷி ஆய்வு இதற்கு ஒரு வழி கண்டது. 15 முதல் 20 வயது வரையுள்ள 2,275 பெண்கள். மூன்று குழுக்கள்: ஒன்றுக்கு ஒன்பது வகைகளைத் தடுக்கும் ஹெச்.பி.வி. ஊசி, இன்னொன்றுக்கு இரண்டு வகைகளைத் தடுக்கும் ஊசி, மூன்றாவதற்கு மெனிஞ்சைட்டிஸ் (மூளையுறை அழற்சி) ஊசி. எல்லாருக்கும் ஒன்றே ஒன்று. ஆய்வு முடிந்ததும் ஊசிகளை மாற்றிப் போடுவார்கள். மெனிஞ்சைட்டிஸ் ஊசி வாங்கியவர்களுக்கு ஹெச்.பி.வி., ஹெச்.பி.வி. வாங்கியவர்களுக்கு மெனிஞ்சைட்டிஸ். யாரும் வெறுங்கையோடு போகவில்லை, யாருக்கும் மருந்தில்லாத வெறும் உப்புநீர் போடவில்லை. அந்த ஊர்களில் பெரும்பாலான பெண்களுக்கு அப்போது ஹெச்.பி.வி. ஊசி கிடைக்கும் வாய்ப்பே இல்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்த ஏற்பாட்டில் குறை சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

18 மாதம் கழித்து எண்ணினார்கள். 16, 18 வகைகளின் நீடித்த தொற்று, மெனிஞ்சைட்டிஸ் ஊசிக் குழுவில் 36 பேருக்கு. இரண்டு வகை ஊசிக் குழுவில் ஒருவர். ஒன்பது வகை ஊசிக் குழுவில் ஒருவர். திறன் 97.5 சதவீதம். மருத்துவ ஆய்வுகளில் பெரும்பாலும் புள்ளியியலாளர் வந்து விளக்கினால்தான் வித்தியாசம் தெரியும். 36, 1, 1 என்ற வரிசைக்கு விளக்கவுரை வேண்டாம்.

முடிவு 2022 ஏப்ரலில் வெளியானது. அதே மாதம் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு கூடி, 9 முதல் 20 வயது வரையுள்ள பெண்களுக்கு ஒன்று அல்லது இரண்டு டோஸ் போடலாம் என்று சொன்னது. டிசம்பரில் அது அதிகாரபூர்வ நிலைப்பாடாக ஆனது. 2023-இல் ஆஸ்திரேலியாவும் பிரிட்டனும் மாறின. அடுத்த ஓரிரு ஆண்டில் 50-க்கும் மேற்பட்ட நாடுகள். தடுப்பூசித் தட்டுப்பாட்டால் திட்டத்தைத் தள்ளிப்போட்டிருந்த நாடுகளுக்கு, இருக்கிற ஊசியே இரட்டிப்பானதுபோல ஆயிற்று. உலகில் குறைந்தது ஒரு டோஸ் போட்ட சிறுமிகளின் விகிதம் 2019-இல் சுமார் 20 சதவீதம், 2024-இல் 31. 2025 டிசம்பரில் கோஸ்டா ரிகாவில் 20,000-க்கும் மேற்பட்ட சிறுமிகளிடம், இம்முறை திட்டமிட்டே ஒன்றையும் இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வும், ஒரு டோஸ் இரண்டுக்குக் குறைந்ததல்ல என்று காட்டியது.

இன்னும் அடைபடாத இடங்கள்

ஹெச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும் நோயெதிர்ப்புத் திறன் குறைந்தவர்களுக்கும் ஒரே டோஸ் என்பது பொருந்தாது. குறைந்தது இரண்டு, முடிந்தால் மூன்று என்பதே பரிந்துரை. 21 வயதைத் தாண்டியவர்களுக்கு இரண்டு. சிறுவர்களைப் பற்றிய ஒரு டோஸ் தரவு சிறுமிகளுடையதோடு ஒப்பிட்டால் மெலிந்தது.

தடுப்பூசிக்குத் தடுப்பூசி வித்தியாசமும் உண்டு. மேலே சொன்ன சான்றுகள் எல்லாம் சில குறிப்பிட்ட தயாரிப்புகளுக்கானவை. இந்தியாவில் சீரம் நிறுவனம் தயாரிக்கும் செர்வாவாக் 2022 ஜூலையில் அனுமதி பெற்றபோது, 9 முதல் 14 வயதினருக்கு இரண்டு டோஸ், அதற்கு மேல் மூன்று என்ற அட்டவணையோடுதான் வந்தது. ஒரே வகைத் துகள், ஒரே தத்துவம் என்பதால் அதற்கும் ஒன்று போதும் என்று ஊகிப்பது எளிது. ஊகம் ஊகம்தான், அந்தந்தத் தயாரிப்புக்குத் தனியாகத் தரவு கேட்பதே சரி. சீனத் தயாரிப்பான செக்கோலின் 2024 அக்டோபரில் அப்படித் தரவு காட்டித்தான் உலக சுகாதார நிறுவனத்தின் ஒரு டோஸ் பட்டியலில் சேர்ந்தது.

சிக்கிம் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. 2010-இல் நின்றுபோன ஆய்வின் மையங்களில் ஒன்று இருந்த அந்தச் சின்ன மாநிலம், 2018-இல் மாநிலம் முழுக்கச் சிறுமிகளுக்கு ஹெச்.பி.வி. ஊசி போட்டது, இரண்டு டோஸாக. பெற்றோர்களிடமும் ஆசிரியர்களிடமும் முன்கூட்டியே பேசி, பள்ளியிலேயே போட்டார்கள். 95 சதவீதத்துக்கு மேல் சிறுமிகள் வந்தார்கள். கம்மத்தில் எது நடக்கவில்லையோ அது இங்கே முதல் வேலையாக நடந்தது.

அந்த 17,729 பேரில் 2009-இல் பத்து வயதாக இருந்தவர்களுக்கே இப்போது 25 தாண்டிவிட்டது. ஆய்வின் விதிப்படி 25 வயதுக்குப் பிறகு அவர்களுக்குக் கருப்பைவாய்ப் பரிசோதனை செய்ய வேண்டும். இதுவரை எண்ணியது பெரும்பாலும் தொற்றை. இனி எண்ணப்போவது புற்றுநோய்க்கு முந்தைய செல் மாற்றங்களை, அதன் பிறகு புற்றுநோயை. களப்பணியாளர்கள் இன்னும் அந்த வீடுகளுக்குப் போக வேண்டியிருக்கிறது.